வாட் வரம்பு நின்றது, லேபிள் விழுந்தது: ஐரோப்பாவின் வேக்குவம் கிளீனர் விதிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீட்டு உபயோக வேக்குவம் கிளீனர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இரண்டு விதிமுறைகளைப் பிறப்பித்தது. அவற்றில் ஒன்று கருவியின் மின்திறனுக்கு மேல்வரம்பு விதித்தது. மற்றொன்று, கடையில் வைக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஆற்றல் லேபிள் வேண்டும் என்றது. இரண்டும் 2014 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் லேபிள் விதி நீதிமன்றத்தால் ரத்தானது. வரம்பு விதியோ தொடர்ந்தது. ஒரே ஆய்வின் அடிப்படையில் ஒரே ஆணையம் (ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம்) வகுத்த இரு விதிகளுக்கு ஏன் இரு வேறு முடிவுகள் நேர்ந்தன என்பதை இந்தக் கட்டுரை காலவரிசைப்படி பதிவு செய்கிறது. அதிகாரிகள், நீதிபதிகள், வாங்குபவர்கள் ஆகியோரின் பெயர்கள் இதற்குத் தேவைப்படவில்லை. வழக்கின் பெயரிலேயே இடம்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரும் ஒரு நுகர்வோர் அமைப்பின் பெயரும் மட்டும் வருகின்றன.

பின்னணி

பல ஆண்டுகளாக வேக்குவம் கிளீனர் வாங்கச் சென்றவர்கள் பெட்டியின் மீது முதலில் பார்த்தது வாட் எண்ணைத்தான். கருவி எவ்வளவு நன்றாகத் தூசியை அள்ளும் என்று கடையில் வைத்துச் சோதிக்க முடியாது; விற்பவருக்கும் அதை எடுத்துச் சொல்ல வேறு அளவுகோல் இல்லை. ஆகவே வாட் கூடக் கூட உறிஞ்சும் ஆற்றலும் கூடும் என்ற எண்ணம் வேரூன்றியது. தயாரிப்பாளர்களும் அதற்கு ஈடுகொடுத்து மோட்டாரைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். விதி நடைமுறைக்கு வந்த ஆண்டில் சந்தையில் இருந்த கருவிகளின் சராசரி சுமார் 1800 வாட் என்று அன்றைய செய்திகள் குறிப்பிட்டன. 2000 வாட்டைத் தாண்டியவையும் சாதாரணமாகக் கிடைத்தன.

இந்த எண்ணத்தில் ஒரு குறை உண்டு. பெட்டியில் அச்சிடப்படும் வாட் என்பது கருவி மின்இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் திறன். தரையிலுள்ள தூசியை நகர்த்துவதோ, முனையருகே உருவாகும் காற்றழுத்த வேறுபாடும் அங்கு ஓடும் காற்றின் அளவும் சேர்ந்த பயன்திறன். முன்னதில் பெரும்பகுதி மோட்டாரிலும் விசிறியிலும் குழாயின் வளைவுகளிலும் வடிகட்டியிலும் வெப்பமாகவும் இரைச்சலாகவும் வீணாகிறது. முனையின் வடிவம் சரியில்லாவிட்டாலோ, இணைப்புகளில் காற்று கசிந்தாலோ, எத்தனை வாட் கொடுத்தாலும் கம்பளத்தின் அடியில் கிடக்கும் மண் அப்படியே இருக்கும். சுருங்கச் சொன்னால், வாங்குபவர்கள் நம்பிய எண் கருவியின் வேலையைச் சொல்லும் எண் அல்ல. மின்கட்டணத்தைச் சொல்லும் எண்.

கவனித்தவை

ஆற்றலைப் பயன்படுத்தும் பொருள்களின் வடிவமைப்பையே சட்டத்தால் நெறிப்படுத்தும் அதிகாரத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு 2009-ஆம் ஆண்டின் சூழல்நோக்கு வடிவமைப்பு ஆணை அளித்திருந்தது. லேபிள் தொடர்பான அதிகாரம் 2010-ஆம் ஆண்டின் வேறொரு ஆணையிலிருந்து வந்தது. இந்த இரு வேர்களும் தனித்தனி என்பது பிற்பாடு பெரிதும் முக்கியமாயிற்று.

ஆணையத்தின் கணக்கில் வேக்குவம் கிளீனர்கள் 2005-இல் ஒன்றியம் முழுவதும் 18 டெராவாட் மணி, அதாவது 1800 கோடி யூனிட் மின்சாரம் செலவிட்டன. எதுவும் செய்யாவிட்டால் 2020-இல் அது 3400 கோடி யூனிட்டாக உயரும் என மதிப்பிடப்பட்டது. இரு விதிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 1900 கோடி யூனிட்டைச் சேமிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இது இரு விதிகளுக்கும் பொதுவான எதிர்பார்ப்பு என்பதால், லேபிள் ரத்தான பிறகு, இதில் வரம்பின் பங்கு எவ்வளவு, லேபிளின் பங்கு எவ்வளவு என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

குளிர்சாதனப் பெட்டியைப் போல இது நாள் முழுதும் ஓடும் கருவி அல்ல. ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் ஓடுகிறது என்று விதியே வைத்துக்கொள்கிறது. 1800 வாட் கருவி அந்த ஐம்பது மணியில் முழுத் திறனில் ஓடினால் 90 யூனிட் செலவாகும். 900 வாட் கருவிக்கு 45. ஒரு வீட்டின் கணக்கில் இந்த வேறுபாடு சிறியது. ஒரு கண்டத்தின் கணக்கில் பெரியது. இத்தகைய விதிகள் வாங்குபவரிடம் எப்போதும் சந்தேகத்தைக் கிளப்புவது இந்த இடைவெளியால்தான்.

முதல் முடிவு: வரம்பும் அதனுடன் கட்டப்பட்ட நிபந்தனைகளும்

666/2013 என்ற எண்ணுள்ள விதிமுறை இரண்டு படிகளாக வகுக்கப்பட்டது. 2014 செப்டம்பர் முதல் கருவியின் மின்திறன் 1600 வாட்டுக்கும் ஆண்டு மின்செலவு 62 யூனிட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். 2017 செப்டம்பர் முதல் அவை முறையே 900 வாட், 43 யூனிட் எனக் குறையும். நாளிதழ்களில் இடம்பிடித்தவை இந்த எண்களே. ஆனால் விதியின் தரம் அதே பக்கத்தில் இருந்த மற்ற நிபந்தனைகளில் இருக்கிறது என்பது என் கருத்து.

வாட்டை மட்டும் குறைக்கச் சொல்லியிருந்தால், சின்ன மோட்டாரைப் பொருத்திய சோப்ளாங்கி கருவிகள் சந்தையை நிறைத்திருக்கும். மக்கள் ஒரே தரையை இரண்டு மடங்கு நேரம் தேய்த்து, மிச்சமான மின்சாரத்தைத் திரும்பச் செலவழித்திருப்பார்கள். இதைத் தடுக்க, கம்பளத்தில் கிடக்கும் சோதனைத் தூசியில் குறைந்தது 70 சதவீதத்தையும், இடுக்கு உள்ள கடினத் தரையில் 95 சதவீதத்தையும் கருவி அள்ள வேண்டும் என்று முதல் படியிலேயே விதிக்கப்பட்டது. இரண்டாம் படியில் அவை 75, 98 என உயர்ந்தன. வாட் இறங்க, வேலையின் அளவு ஏற வேண்டும் என்பதே ஏற்பாடு. இரண்டாம் படியில் இன்னும் சில சேர்ந்தன: உறிஞ்சிய தூசியில் ஒரு சதவீதத்துக்கு மேல் காற்றில் திரும்பக் கூடாது, ஒலி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டும், ரப்பர்க் குழாய் 40,000 முறை வளைத்தாலும் கிழியக் கூடாது.

ஆண்டு மின்செலவைக் கணக்கிடும் முறையிலும் இதே எண்ணம் ஓடுகிறது. சுத்தம் செய்ய வேண்டிய வீட்டின் பரப்பு 87 சதுர மீட்டர், ஆண்டுக்கு 50 முறை, ஒவ்வொரு இடத்தின் மீதும் கருவி நான்கு தடவை செல்லும் என்று வைத்துக்கொண்டு, ஒரு சதுர மீட்டருக்கு ஆகும் மின்சாரத்தை இவற்றால் பெருக்குகிறார்கள். அதோடு நிறுத்தவில்லை. கருவி அள்ளும் தூசியின் விகிதத்திலிருந்து 0.20-ஐக் கழித்து, வந்ததால் 0.80-ஐ வகுத்து, அந்த ஈவாலும் பெருக்குகிறார்கள். 91 சதவீதம் அள்ளும் கருவிக்கு இந்த ஈவு ஏறத்தாழ 1.13, 75 சதவீதம் அள்ளுவதற்கு 1.45. ஆக, ஒரே அளவு மின்சாரம் எடுக்கும் இரு கருவிகளில், மோசமாக அள்ளுவதன் ஆண்டுச் செலவு சுமார் 29 சதவீதம் கூடுதலாகக் காட்டப்படும். தூசியை விட்டுச்செல்லும் கருவியை மக்கள் மறுபடியும் தள்ளத்தான் செய்வார்கள் என்ற நடைமுறை அறிவைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

பேட்டரியில் ஓடுபவை, ரோபோ வகைகள், ஈரத்தையும் உறிஞ்சுபவை, தொழிற்சாலைக் கருவிகள், கட்டடத்தோடு பொருத்தப்பட்ட மைய அமைப்புகள் ஆகியவற்றுக்கு இந்த விதி பொருந்தாது என்று விலக்களிக்கப்பட்டது. விதி எழுதப்பட்ட காலத்தில் இது இயல்பான எல்லையாகவே தோன்றியிருக்கும்.

2014 ஆகஸ்ட்

விதி நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்பு, குறிப்பாகப் பிரிட்டனில், எதிர்ப்புக் குரல் உயர்ந்தது. அந்நாட்டின் நுகர்வோர் அமைப்பான ‘விச்?’ தன் சோதனைகளில் சிறந்தவையெனத் தேர்ந்தெடுத்த ஏழு கருவிகளில் ஐந்தின் மோட்டார்கள் 1600 வாட்டைத் தாண்டியவை என்று சுட்டி, அவற்றை விரும்புவோர் விரைந்து வாங்கிக்கொள்ளுமாறு அறிவுறுத்தியது. கடைகளில் உயர்வாட் கருவிகளின் விற்பனை திடீரென ஏறியது. முடியும் தறுவாயில் இருந்த ஒரு சரக்கைப் பதுக்கும் அவசரம் மக்களிடம் காணப்பட்டது. செப்டம்பர் 1-க்கு முன்பே தயாரிக்கப்பட்ட அல்லது இறக்குமதியான சரக்கைத் தீரும்வரை விற்கலாம் என்ற விவரம் இந்த ஆரவாரத்தில் பலரை எட்டியதாகத் தெரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்ற விவாதம் சூடுபிடித்திருந்த நாட்டில், ஒன்றியத்தின் தலைமையகமுள்ள பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த இந்த எண் வீட்டுக்குள் நுழைந்த அதிகாரமாகப் பார்க்கப்பட்டது. வாட் குறைந்தாலும் தூசி அள்ளும் அளவுக்குக் கீழ்வரம்பு உண்டு என்பதை ஆணையம் மறுபடி மறுபடி விளக்கியது. எனினும், பல ஆண்டுகள் பெட்டியின் மீது பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட எண்ணோடு, யாரும் கேள்விப்பட்டிராத ‘தூசி அள்ளும் விகிதம்’ போட்டியிட முடியவில்லை. அந்தப் புதிய எண்ணை வாங்குபவரின் கண்ணுக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு லேபிளுடையது. அந்த லேபிளோ வரம்பு அமலுக்கு வந்த அதே நாளில்தான் வந்தது. ஓராண்டு முன்னதாக வந்திருந்தால் ஆகஸ்டில் நடந்த வாக்குவாதம் வேறு தளத்தில் நடந்திருக்கலாம்.

இரண்டாவது முடிவு: லேபிளும் வெற்றுப் பையும்

லேபிள் விதியின் எண் 665/2013. ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஆற்றல் தரம், ஆண்டு மின்செலவு, கம்பளத்திலும் கடினத் தரையிலும் அள்ளும் தரம், தூசி திரும்பும் தரம், ஒலி அளவு ஆகிய அனைத்தும் ஒரே சீட்டில் இடம்பெற்றன. 28 யூனிட் வரை செலவிடுபவை ‘ஏ’. 58-ஐத் தாண்டியவை ‘ஜி’. 2017-இல் மேலே ‘ஏ+++’ வரை புதிய படிகள் சேர்ந்தன.

இந்தத் தரங்களுக்கான சோதனை தூசிக் கொள்கலன் காலியாக இருக்கும்போது நடத்தப்பட்டது. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. வெவ்வேறு ஆய்வகங்கள் ஒரே கருவியைச் சோதித்தால் ஒரே விடை வர வேண்டும். காலிக் கொள்கலனோடு செய்யும் சோதனை அப்படித் திரும்பத் திரும்ப ஒத்துவரும். தூசி நிரப்பிச் செய்யும் சோதனை, எந்தத் தூசி, எவ்வளவு, எப்படிப் பரவியது என்பதைப் பொறுத்து மாறக்கூடியது. பல ஆய்வகங்கள் ஒப்பிட்டுச் சரிபார்த்த முறை அதற்கு இன்னும் உருவாகவில்லை என்பது ஆணையத்தின் நிலைப்பாடு.

ஆனால் வீட்டில் யாரும் ஒவ்வொரு முறையும் புதுப் பையோடு தொடங்குவதில்லை. பை உள்ள கருவியில், நுண்தூசி பையின் துளைகளை அடைக்க அடைக்கக் காற்றோட்டம் குறைகிறது. அள்ளும் அளவும் குறைகிறது. இங்கே பலரும் தவறாக எண்ணும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடைப்பு ஏற்பட்டால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும் என்பது பொதுவாக உண்மையல்ல. தள்ள வேண்டிய காற்று குறைவதால் மோட்டாரின் சுமை குறைகிறது, அது இன்னும் வேகமாகக் கிறீச்சிட்டுச் சுழல்கிறது, எடுக்கும் மின்சாரமும் பெரும்பாலும் குறையவே செய்கிறது. கெடுவது வேலை. அதே மின்சாரத்துக்கோ அதைவிடச் சற்றுக் குறைந்த மின்சாரத்துக்கோ கிடைக்கும் சுத்தம் குறைகிறது. அடைப்பை உணர்ந்து தானாகவே திறனைக் கூட்டிக்கொள்ளும்படி ஒரு கருவியை வடிவமைக்கவும் முடியும். காலிக் கொள்கலன் சோதனையில் அந்தக் கூடுதல் செலவு தெரியவே தெரியாது. பை இல்லாமல், சுழற்காற்றால் தூசியைப் பிரிக்கும் கருவிகளில் இந்தச் சரிவு குறைவு என்பது அவற்றைத் தயாரிப்போரின் வாதம். ஆக, சோதனை முறையின் தேர்வே இரு தொழில்நுட்பங்களுக்கிடையே ஒரு பக்கம் சாய்ந்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

நீதிமன்றத்தில்

பையில்லாக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற டைசன் நிறுவனம் 2013-இலேயே லக்சம்பர்க்கிலுள்ள ஒன்றியப் பொது நீதிமன்றத்தை அணுகியது. வழக்கு வாட் வரம்பை எதிர்த்து அல்ல, லேபிள் விதியை எதிர்த்து மட்டுமே. செய்தித் தலைப்புகள் பலவற்றில் இந்த வேறுபாடு காணாமல் போயிற்று.

2015 நவம்பர் 11 அன்று பொது நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நம்பகமான மாற்றுச் சோதனை முறை இல்லாத நிலையில் ஆணையம் தன் விருப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்பது அதன் நோக்கு. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2017 மே 11 அன்று ஒன்றியத்தின் உச்சநிலை நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை நீக்கிவிட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. கேள்வி விருப்புரிமையைப் பற்றியதல்ல, அதிகாரத்தைப் பற்றியது என்று அது கண்டது. லேபிள் ‘பயன்பாட்டின்போது’ செலவாகும் ஆற்றலைச் சொல்ல வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டின் தாய் ஆணை கூறியிருந்தது. அது ஆணையின் இன்றியமையாக் கூறு. ஆணையத்துக்கு அதை மாற்றும் அதிகாரம் கிடையாது. எனவே, அறிவியல் ரீதியாகச் செல்லுபடியாகும் எல்லைக்குள், உண்மையான பயன்பாட்டுக்கு இயன்றவரை நெருக்கமான நிலையில், கொள்கலன் ஓரளவு நிரம்பியிருக்க அளக்கும் முறையையே ஆணையம் தேர்ந்திருக்க வேண்டும்.

இந்த வரையறையை வைத்து மறுபடி விசாரித்த பொது நீதிமன்றம் 2018 நவம்பர் 8 அன்று லேபிள் விதியை ரத்து செய்தது. ஆற்றல் தரம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து மற்றதை விட்டுவைக்க இயலுமா என்பதும் ஆராயப்பட்டது. பிரிக்க முடியாது என்று கண்டதால் விதி முழுவதும் போயிற்று. ஒலி அளவும் தூசி திரும்பும் தரமும் தவறாக அளக்கப்பட்டவை என்று யாரும் நிறுவவில்லை. இருந்தும் அவையும் சேர்ந்தே மறைந்தன.

தொடர்ந்தவை

2019 ஜனவரி மூன்றாம் வாரத்தோடு கடைகளில் லேபிள் காட்ட வேண்டிய கட்டாயம் முடிவுக்கு வந்தது. 900 வாட் வரம்பு, அள்ளும் விகிதத்தின் கீழ்வரம்பு, 500 மணி நேர மோட்டார் ஆயுள் ஆகியவை அப்படியே தொடர்ந்தன. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பின்பும் வரம்பு அந்நாட்டுச் சட்டத்தில் நீடித்தது; 2014 ஆகஸ்டின் கொதிப்பை நினைத்தால் இது சற்று வியப்பானதே. 900 வாட்டுக்குக் குறைந்த கருவிகளால் கம்பளத்தைச் சுத்தம் செய்யவே முடியாது என்ற அச்சம் நடைமுறையில் பலிக்கவில்லை. தயாரிப்பாளர்கள் முனையின் வடிவத்தையும் காற்றுப் பாதையையும் மோட்டாரையும் திருத்திக்கொண்டார்கள்.

தவறான லேபிளால் தனக்கு விற்பனை இழப்பு ஏற்பட்டதாகக் கூறி அதே நிறுவனம் ஆணையத்திடம் 17 கோடி யூரோவுக்கும் மேல் இழப்பீடு கேட்டது. 2021 டிசம்பர் 8 அன்று பொது நீதிமன்றம் அதை நிராகரித்தது. விதி செல்லாது என்பது ஒன்று. அதை இயற்றியபோது ஆணையம் தன் எல்லையை வெளிப்படையாகவும் கடுமையாகவும் மீறியதா என்பது வேறொன்று. இரண்டாவது நிறுவப்படவில்லை என்றது தீர்ப்பு.

வரம்பு நிலைத்ததை அதன் சிறப்புக்குச் சான்றாக மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது. ஆண்டு மின்செலவுக்கான அதே சூத்திரம் வரம்பு விதியிலும் இருக்கிறது. அந்த விதியை யாரும் அதே காரணத்துக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை; அது பிறந்த தாய் ஆணையும் வேறு. என்றாலும் ஒரு வேறுபாடு உண்மையானது: வரம்பு என்பது ஒரு கோடு, கருவி அதற்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதே கேள்வி. லேபிளோ ஒரு கருவியை இன்னொன்றுக்கு மேலே ஏற்றிக் காட்டுகிறது. சோதனை முறையின் சிறு சாய்வு, கோட்டைப் பொறுத்தவரை சிலரை மட்டும் பாதிக்கும். வரிசையைப் பொறுத்தவரை சந்தையிலுள்ள அனைவரையும் பாதிக்கும். போட்டியாளர்கள் லேபிளையே எதிர்த்ததில் வியப்பில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

ஆணையம் எதிர்கொண்ட இக்கட்டு மெய்யானது. திரும்பத் திரும்ப ஒரே விடை தரும் சோதனை வீட்டு நிலைமையைப் பிரதிபலிக்கவில்லை. வீட்டு நிலைமையைப் பிரதிபலிக்கும் சோதனை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறியது. ஆனால் அன்று நடப்பிலிருந்த ஐரோப்பியத் தர ஆவணத்திலேயே தூசி ஏற்றிய கொள்கலனோடு காற்றோட்டத்தை அளக்கும் ஒரு பிரிவு இருந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அதையே சுட்டினார்கள். ஆய்வகங்களுக்கிடையேயான ஒப்பீட்டுச் சோதனையை லேபிளுக்கு முன்பே முடித்திருக்கலாம். அது முடியும்வரை வரம்பை மட்டும் அமல்படுத்திவிட்டு, லேபிளைத் தள்ளிவைத்திருக்கலாம். அல்லது சர்ச்சையற்ற ஒலி, தூசி திரும்பல் ஆகிய தகவல்களைத் தனி ஆவணத்தில் வைத்திருந்தால், ஒன்று விழும்போது மற்றது உடன் விழுந்திராது. ஆண்டு மின்செலவு என்ற ஒற்றை எண்ணுக்குள் அனைத்தையும் அடக்கியது படிக்க எளிது; வழக்கில் தற்காக்கக் கடினம்.

விலக்குப் பட்டியலும் மறுபார்வைக்கு உரியது. பேட்டரிக் கருவிகளையும் ரோபோ வகைகளையும் விட்டுவிட்ட விதி, மின்கம்பி உள்ளவற்றை மட்டும் கட்டுப்படுத்துகிறது. வாங்குபவர்களோ கம்பியில்லாக் கைக்கருவிகளின் பக்கம் வேகமாக நகர்ந்திருக்கிறார்கள். அவற்றின் மோட்டார் வாட் குறைவுதான். ஆனால் சார்ஜரில் மாட்டிக் கிடக்கும் நேரத்தின் செலவு, பேட்டரியின் ஆயுள், அது மாற்றக்கூடியதா என்பன வேறு வகைக் கேள்விகள். வாட் வரம்பால் அவற்றைத் தொட முடியாது. தூசி ஓரளவு நிரம்பிய கொள்கலனோடு சோதிக்கும் முறையும், கம்பியில்லாக் கருவிகளைச் சேர்ப்பதும் 2019-க்குப் பிந்தைய மீளாய்வில் ஒருங்கே இடம்பெற்றது இதனால்தான். இவ்விரண்டில் முதலாவது இல்லாமல் புதிய லேபிளுக்குச் சட்டப்படி இடமில்லை. இரண்டாவது இல்லாமல் அந்த லேபிள் கடையின் பாதி அலமாரியில் ஒட்டப்படாமலேயே போகும்.